தொட்டியில் மிஞ்சிய கொள்ளு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தேக்காச் சந்தையைக் கடந்து வடக்கே நடக்கிறவர்கள், இடப்புறமாகப் பிரிகிற தெருக்களின் பெயர்ப் பலகைகளைச் சற்று நிதானித்துப் படிப்பார்களேயானால், இந்தப் பிரதேசத்தின் பூர்வகுடிகள் மனிதர்களா மிருகங்களா என்ற சந்தேகம் அவர்களுக்கு எழுந்தாலும் வியப்பதற்கில்லை. எருமையின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு தெரு. அதே எருமையின் பெயரால் மலாயில் அடுத்த தெரு. மாட்டு வியாபாரி ஒருவரின் பெயரால் மற்றொன்று. குதிரைப் பந்தயத் திடலின் பெயரால் நெடியதொரு சாலை. எருமைக் கொட்டடியின் பெயரைத் தாங்கிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றும் இங்கே உண்டு என்பதையும், 1966ஆம் வருஷத்தில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் அதில் பிறந்து உலக சாதனையாயிற்று என்பதையும் சொன்னால், வெளியூர்க்காரர்கள் நாம் கேலி செய்வதாகவே நினைப்பார்கள்.

பந்தயத் திடலின் பெயரைக் கொண்ட அந்தச் சாலையின் வடகோடியில், பழைய பந்தயத் திடல் இருந்த இடத்தில் இருப்பது ஃபேரர் பார்க். 1919 முதல் 1931 வரை நகரசபைத் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் அது. இத்திடல் சரித்திரப் புத்தகங்களில் இடம்பெறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. 1911 மார்ச் 16இல் பெல்ஜியம் தேசத்து ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானத்தை மேலே கிளப்பியது இங்கேதான். 1919 டிசம்பரில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் வழியில் இறங்கியதும் இங்கேதான். 1942 பிப்ரவரி 17இல், சரணடைந்த பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி நிறுத்தி, அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா, இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த மோகன் சிங்கிடம் ஒப்படைத்ததும் இதே புல்தரையில்தான். இவற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் இவற்றைவிடச் சிறியது. வாய் பேசாத பிராணி ஒன்று தீனியிலும் நடமாட்டத்திலும் மாறுதல் காட்டும்போது அதன் காரணத்தைக் கண்டுகொள்ளும் வித்தை இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் யார் வசம் இருந்தது, இன்று அடுக்குமாடி வீட்டுக் கூண்டில் ஹாம்ஸ்டர் வளர்க்கிற பிள்ளைகளிடம் அது எந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே அது.

பந்தயத் திடலின் கதை 1842இல் தொடங்குகிறது. அந்த வருஷம் அக்டோபரில் வில்லியம் ஹென்றி ரீடும் அவரைச் சேர்ந்த ஐரோப்பிய வர்த்தகர்களும் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். சதுப்பு நிலத்தைச் சீர்திருத்தி, அடுத்த வருஷம் பிப்ரவரி 23இல் முதல் பந்தயத்தை ஓட்டினார்கள். பரிசு 150 டாலர், ஜெயித்தவர் ரீட், அவர் ஏறிய குதிரையின் பெயர் கர்னல். ஏறக்குறைய நூற்றெண்பது வருஷங்களுக்குப் பிறகும் இத்தனை விவரங்களும் நமக்குக் கிடைக்கின்றன. அன்று விடியற்காலையில் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வைத்தவன் யார், அது தின்றதா மிச்சம் வைத்ததா என்று பார்த்துச் சொன்னவன் யார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. குதிரையின் பெயர் ஏட்டில் ஏறிற்று; குதிரைக்காரனின் பெயர் ஏறவில்லை.

அக்காலத்து லாயங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். ஜாவாவுக்கு வடக்கேயுள்ள பாவேயான் தீவிலிருந்து வந்த போயான் மக்கள் குதிரை பராமரிப்பதில் பேர்பெற்றவர்கள். அவர்களுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த குதிரைக்காரர்கள். சென்னை ராஜதானியில் துரைமார் வீடுகளில் ஒரு குதிரைக்குக் குதிரைக்காரன் ஒருவனும் புல் அறுப்பவன் ஒருவனுமாக இருவரை வைத்திருப்பது வழக்கம். சிக்கனமாகத் தோன்றாத இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. பிராணியின் வாய்க்குள் போவதைக் கவனிக்க ஒருவனும், அதன் உடம்பில் அது என்னவாகிறது என்பதைக் கவனிக்க ஒருவனுமாக நாள் முழுவதும் இரண்டு ஜோடிக் கண்கள் அதன்மேல் இருந்தன.

லாயத்தில் காலையில் குதிரைக்காரனின் முதல் வேலை தொட்டியைப் பார்ப்பது. இரவு வைத்த ஊறிய கொள்ளில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியது உலர்ந்து கிடக்கிறதா எச்சிலோடு கிடக்கிறதா என்று கையை விட்டு அளைந்து பார்ப்பான். உலர்ந்து கிடந்தால் குதிரை வாயே வைக்கவில்லை, பசி போய்விட்டது. எச்சிலோடு உருண்டை உருண்டையாக அரைபட்டுக் கீழே விழுந்து கிடந்தால் பசி இருக்கிறது, பல்லில்தான் கோளாறு. கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கிறது. அரத்தைக் கொண்டு ராவவேண்டும். அடுத்தது லத்தி. எத்தனை முறை போட்டிருக்கிறது, உருண்டை இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, முழுக்கொள்ளு அப்படியே வெளிவந்திருக்கிறதா என்பது கணக்கு. மூன்றாவது, நிற்கிற நிலை. தீனியை ஒதுக்கிவிட்டுத் திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டு முன்னங்காலால் தரையைப் பறிக்கிற குதிரைக்கு வயிற்றில் சூலை. குதிரைக்கு வாந்தி எடுக்கச் சக்தியில்லை. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியேற முடியும். ஆகையால் அந்த நிலையில் ஒரு நாழிகைத் தாமதமும் உயிருக்கு ஆபத்து. இத்தனையும் சூரியன் உதிக்குமுன் நடந்து முடிந்துவிடும். உஷ்ணப் பிரதேசத்தில் வெயில் ஏறுவதற்கு முன்னால் குதிரையை ஓட்டிப் பழக்கவேண்டுமல்லவா? எஜமான் வந்து, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்கும்போது குதிரைக்காரன் பதிலைத் தயாராக வைத்திருப்பான்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று நம் ஜனங்கள் சொல்லும் பழமொழி சோம்பேறிகளைப் பழிப்பதற்காக ஏற்பட்டது. ஆனால் லாயத்துக்காரன் அதை அப்படியே திருப்பிப் படிப்பான்: கொள்ளென்றும் வாயைத் திறக்காத குதிரையைக் கண்டால்தான் அவன் பயப்படுவான். தஞ்சைச் சரஸ்வதி மகாலில் சித்திரங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடிகள் இருக்கின்றன. விராட மன்னனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது நகுலன் குதிரைகளையும் சகதேவன் பசுக்களையும் பார்த்துக்கொண்டார்கள் என்று பாரதம் சொல்கிறது. மறைந்திருப்பதற்கு அந்த ராஜகுமாரர்கள் பார்த்து எடுத்த வேலைகள் அவை. குதிரைக்காரன் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது வியாச முனிவருக்கே தெரிந்திருக்கிறது. சிராங்கூன் சாலையில் மட்டும் வேறு விதமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பானேன்?

குதிரைகள் கனவான்களுடையவை, மாடுகள்தாம் இந்த வட்டாரத்தின் வயிற்றைக் கழுவின. ரொச்சோர் ஆற்றை ஒட்டிய நிலத்தில் நீரும் புல்லும் குறைவில்லாதிருந்தபடியால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டுக் கொட்டகைகள் இங்கே பெருகின. கல்கத்தாவிலிருந்து வந்த யூதரான ஐசக் ராஃபேல் பெலிலியோஸ் இந்தியாவிலிருந்து மாடுகளை வரவழைத்து விற்றுப் பெரும் செல்வந்தரானார். அவருடைய தொழிலைச் சுற்றி மேய்ப்பவர், கறப்பவர், வண்டியோட்டி, தவிடு புண்ணாக்கு விற்பவர் என்று ஜனங்கள் வந்து குடியேறினார்கள். தமிழர்கள் இங்கே வேரூன்றியதற்குச் சுண்ணாம்புக் காளவாயும் செங்கற் சூளையும் ஒரு காரணமென்றால், மாடு மற்றொரு காரணம்.

கப்பலில் பல நாள் ஆடி அசைந்து வந்து இறங்கும் மாட்டை விலைபேசுகிறவன் முதலில் அதன் கொம்பையும் சுழியையும் பார்க்கமாட்டான். அது அசைபோடுகிறதா என்று பார்ப்பான். சுகமாயிருக்கிற பசு நாளில் ஏழு எட்டு மணி நேரம் அசைபோடும். படுத்திருக்கிற மாடு வாயசைக்காமல் வெறித்துக்கொண்டிருந்தால், மூக்கின் மேல் எப்போதும் அரும்பியிருக்க வேண்டிய ஈரம் காய்ந்திருந்தால், காதின் அடியைத் தொடும்போது கை சில்லிட்டால், பேரம் அத்துடன் முடிந்தது. இது மூடநம்பிக்கை என்று தள்ளத்தக்கதன்று. அந்நாளில் ஆசியாவெங்கும் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோயில், வாயில் புண் வெளிப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே காய்ச்சல் கண்டு, மாடு தீனியைக் குறைத்து, அசைபோடுவதையும் நிறுத்திவிடும்; பாலும் சுண்டிப்போகும். கொட்டகையில் மாட்டுக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறவனுக்குத்தான் அந்த இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். பிற மாடுகளைப் பிரித்துக் கட்டுவதற்கு அது போதும். இந்திய சர்க்கார் மாட்டு நோய்களைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷனை நியமித்து, அதன் அறிக்கை 1871இல் வெளியாயிற்று. சென்னை வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி 1903இல் திறக்கப்பட்டது. வெக்கை நோய் பூமியிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் வேரோடு ஒழித்த வியாதி அதுதான். தடுப்பு மருந்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்த மருந்து வருவதற்கு முந்திய காலத்தில் ஒரு கொட்டகைக்குக் காவலாயிருந்தது காலியாகாத தவிட்டுத் தொட்டியைக் கண்டு துணுக்குற்ற ஒருவனுடைய கண்.

பிறகு வந்த மாறுதல்களை விரிக்க வேண்டியதில்லை. 1896இல் முதல் மோட்டார் வண்டி வந்தது, நகரம் நெருங்கிற்று, சுகாதார அதிகாரிகளுக்குக் கொட்டகைகளின் சாணமும் சாக்கடையும் பொறுக்கவில்லை, 1930களில் மாடுகள் இங்கிருந்து அகன்றன. 1924இல் டர்ஃப் கிளப் என்று பெயர் மாறிய சங்கம் 1933இல் குதிரைகளோடு புக்கிட் தீமாவுக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5இல் கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டு ஓய்ந்தது. ஃபேரர் பார்க்கில் புல்தரையும் விளையாட்டரங்கும் அடுக்குமாடி வீடுகளும் நின்றன. பொங்கலுக்கு, லிட்டில் இந்தியா என்று பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில் பண்ணை மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போது, பசு வாயசைப்பதைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்க்கிறார்கள். அது என்ன தின்கிறது என்று சிலர் கேட்கவும் செய்கிறார்கள்.

குதிரைகள் இத்திடலை விட்டுப் போவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பு, 1930 ஏப்ரலில், சிரியா தேசத்து அலெப்போ நகருக்கருகே ஒரு கோதுமை வயலில் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் ஆழக் குழி தோண்டி, ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் 11 குட்டிகளையும் எடுத்தார். தாய் ஒரு குட்டியை அங்கேயே கடித்துக் கொன்றுவிட்டது, மிச்சத்தில் சில தப்பியோடின, சில மாண்டன, ஜெருசலேம் ஹீப்ரு சர்வகலாசாலையில் எஞ்சிய சிலவற்றிலிருந்து வம்சம் பெருகியது. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரு வளையின் சந்ததி. அவற்றைத் தேடச் சொன்னவர் ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளரான சால் ஆட்லர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்த வியாதி காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் காலா அசாரின் கிருமியை லீஷ்மன் என்ற ராணுவ வைத்தியரும், சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த சார்ல்ஸ் டானவனும் தனித்தனியே கண்டறிந்து 1903இல் வெளியிட்டார்கள். வேப்பேரியில் கல்லூரி திறந்த அதே வருஷம், அதே பட்டணம். ஆராய்ச்சிக்கென்று அகப்பட்ட ஜீவன் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் குழந்தைகளின் செல்லப் பிராணியாயிற்று. சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே ஹாம்ஸ்டருக்குக் கதவு திறந்திருந்தது. ஆகவே குதிரையும் எருமையும் இருந்த இடத்தில் ஏறக்குறைய அரையடி நீளமே உள்ள இந்தப் பிராணி குடியேறிற்று.

ஓவன் ரோட்டுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் ஒருநாள், “பாட்டி, கிண்ணம் காலி. எல்லாத்தையும் தின்னுடுச்சு” என்று குதூகலமாகக் கூவினான். மன்னார்குடிப் பக்கத்தில் மாடு கட்டிய வீட்டில் பிறந்த அந்த அம்மாள், கறிகாய் நறுக்குவதை நிறுத்தாமலேயே, “தின்னுச்சா, ஒளிச்சு வெச்சுச்சா? மூலையைக் கிளறிப் பாருடா” என்றாள். கூண்டின் மூலையில் காகிதத் தூளுக்கடியில் சூரியகாந்தி விதையும் சோளமும் ஒரு கைப்பிடி கிடந்தன.

ஹாம்ஸ்டரின் ஆகார விஷயத்தில் இந்தக் கேள்வியைக் காட்டிலும் முக்கியமானது வேறில்லை. குதிரையின் தொட்டி பொய் சொல்லாது. ஹாம்ஸ்டரின் கிண்ணம் சொல்லும். கன்னத்தின் இருபுறமும் தோள்வரை நீண்ட பைகளில் தானியத்தை அடைத்துக்கொண்டு போய்ப் பதுக்குவது இதன் சுபாவம். பட்டினி போட்டுப் பிறகு தீனி கொடுத்தால் எலி முதலிய மற்றப் பிராணிகள் விட்டதைச் சேர்த்து அதிகமாக உண்ணும். ஹாம்ஸ்டரோ ஏறக்குறைய வழக்கமான அளவே உண்டு, பதுக்குவதை மட்டும் பெருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே பார்க்கவேண்டியது கிண்ணத்தையன்று. சேமிப்புக் குவியலையும் புழுக்கையையும்தான். குவியல் வளர்ந்துகொண்டேபோய்ப் புழுக்கை குறைந்தால் அது தின்னவில்லை. அதற்காகக் குவியலைத் தினமும் வாரிக் கொட்டுவதும் கூடாது; அழுகும் காய்த் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கவேண்டும். பதுக்கியது பறிபோனால் பிராணி கலங்கிப்போகும்.

லாயத்தில் கண்ட மற்றொரு குறி இங்கும் அப்படியே செல்லுகிறது. விதையை ஆசையோடு எடுத்து, வாயில் வைத்து, கீழே போட்டு, மறுபடியும் எடுத்தால், மோவாய் எச்சிலில் நனைந்திருந்தால், பசி இருக்கிறது, பல் இடம் கொடுக்கவில்லை. இதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. கடித்துத் தேய்க்க ஒன்றும் அகப்படாவிட்டால் வளைந்து நீண்டு வாயையே அடைத்துவிடும். கன்னப் பையில் ஏதேனும் ஒட்டிக்கொண்டு புண்ணாவதும் உண்டு. ஒரு பக்கக் கன்னம் மட்டும் நாள் கணக்கில் உப்பியிருந்தால் அதுதான். குட்டிப் பருவத்தில் வாலடி நனைந்து, பேதியாகி, தீனியை விட்டுச் சுருண்டு கிடப்பது இவை எல்லாவற்றிலும் கொடிய குறி. இரண்டு நாளில் உயிர் போய்விடக்கூடும்.

நடமாட்டத்தைப் படிப்பது இன்னும் கடினம். இது இரவில் விழிக்கும் ஜீவன். வீட்டார் உறங்கும்போது சக்கரத்தில் ஏறிப் பல கிலோமீட்டர் ஓடிவிட்டு, நாம் எழும்போது படுக்கப் போகிறது. பகலெல்லாம் தூங்குகிறதே, நோயோ என்று கவலைப்படுகிறவர்கள் சந்தேகிக்க வேண்டியது பகல் தூக்கத்தையன்று, இரவு மௌனத்தை. அதிலும் எல்லா மாறுதலும் வியாதியல்ல. பொன்னிறப் பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை பருவம் வரும். அந்த இரவில் வழக்கத்துக்குச் சற்று முன்னதாகவே ஓடத் தொடங்கும். ஒன்றரை வயதைத் தாண்டினால் ஓட்டம் குறைந்து, துண்டு துண்டாகும். இரண்டு மூன்று வருஷமே இதன் ஆயுளாகையால் அது முதுமைதான். சிங்கப்பூரின் மத்தியான உஷ்ணத்தில் உடம்பைப் பரப்பிக்கொண்டு தட்டையாகக் கிடந்தால் வெயிலின் கொடுமை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றவேண்டும். குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் இயல்பு இதற்கு உண்டென்று படித்துவிட்டு, சில்லிட்டு அசையாமலிருப்பதை அந்த உறக்கமென்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த உறக்கத்துக்கு வேண்டிய கடுங்குளிர் நம் வீட்டுக் குளிர்சாதனத்தில் உண்டாவது அரிது. அப்படிக் கிடப்பதை நோயென்றே கொண்டு உடனே வைத்தியரிடம் எடுத்துப் போவதுதான் புத்தி.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைக்கிற பழக்கம் சில வீடுகளில் ஏற்பட்டிருக்கிறது; நல்ல பழக்கம். நூறு நூற்றைம்பது கிராம் எடையுள்ள பிராணியில் பத்து கிராம் குறைவதென்பது நம்மில் ஒருவர் நான்கைந்து கிலோ இளைப்பதற்குச் சமம். அடர்ந்த ரோமத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், மேஜைமேல் கூண்டை வைத்ததும் வைத்தியர் கேட்கிறவை நான்கு: தின்கிறதா, புழுக்கை போடுகிறதா, ஓடுகிறதா, எந்த நாளிலிருந்து இப்படி? குதிரைக்காரனும் மாட்டுக்காரனும் கேட்ட கேள்விகள்தாம். முதல் மூன்றுக்கும் பிள்ளைகள் எப்படியோ பதில் சொல்லிவிடுகிறார்கள். நான்காவதற்குத் தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அந்த எடைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தால் தேதியைச் சொல்லிவிடலாம்.